மறுபடி தேய்த்த மணைப்பலகை

கணேசா,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. நாலாக மடித்து, மரப்பட்டறையில் உன் மேசைமேல் இருக்கிற பசை டப்பாவுக்குக் கீழே செருகியிருக்கிறேன். உனக்கு முன்னால் யார் வந்தாலும் எடுத்துப் படிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. இதில் உள்ள விஷயம் பட்டறையில் அத்தனை பேருக்கும் எட்டு மாதமாகத் தெரியும். உன் சித்திக்கும் தெரியும். கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான். அப்படியிருக்க எதை ஒட்டி எதை மறைப்பது.

வாயால் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வாயைத் திறந்தால் நான் என்ன ஆவேன் என்று உனக்கே தெரியும். ஆமத்தூரில் ஆரம்பித்து, நடுவில் ஒரு வெள்ளத்தையும் ஒரு கலெக்டரையும் கொண்டுவந்து, முடிக்கும்போது நானே ஜெயித்துவிடுவேன். எழுதினால் கை வலிக்கும், கை வலித்தால் பொய் குறையும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் அந்தக் காலத்தில் என் கையெழுத்தின் அழகைப் பார்த்து ஊரே மனு எழுத என்னைத்தான் தேடி வந்தது. சரி, ஊரே இல்லை. இரண்டு வீடு. அதில் ஒன்று நம் வீடு.

இன்னும் மூன்று வாரத்தில் உனக்குக் கல்யாணம். பத்திரிகையில் உன் அப்பா அம்மா பெயருக்கு முன்னால் அமரர் என்று போட்டு, அழைக்கிறவர்கள் என்ற இடத்தில் என் பெயரையும் உன் சித்தி பெயரையும் அச்சடித்திருக்கிறாய். அச்சகத்திலிருந்து கட்டு வந்த அன்று அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டாய். என் அண்ணன் காய்ச்சலில் போனபோது உனக்கு எட்டு வயது. அண்ணி அதற்கு முன்பே போய்விட்டாள். பள்ளிக்கூடப் பையோடு எங்கள் வீட்டுக்குள் வந்தாய், இருபது வருடமாக எங்கள் பிள்ளையாக இருக்கிறாய். அப்பா என்று கூப்பிடு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சித்தப்பாவில் பாதி அப்பாதானே என்று இருந்துவிட்டேன். அந்தப் பாதிதான் இப்போது இடிக்கிறது.

இனி மெஷின் கதைக்கு வருகிறேன். வேறு யாராவது படித்தால் புரிய வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். டிரம் சாண்டர் என்பது வேறொன்றும் இல்லை. ஓர் உருளை, அதைச் சுற்றி உப்புத்தாள். உருளை மேலே சுற்றிக்கொண்டிருக்கும், கீழே ஒரு பெல்ட் பலகையை மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். இந்தப் பக்கம் சொரசொரப்பாக நுழைகிற பலகை அந்தப் பக்கம் மழமழவென்று வெளியே வரும். கையால் உப்புத்தாள் போட்டு ஒருவன் அரை நாள் தேய்க்கிற கதவுப் பலகையை அது வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் தேய்த்துத் தரும். கோயம்புத்தூரில் யாரோ ஓட்டிய பழைய மெஷினைப் பிடித்து நீ லாரியில் கொண்டுவந்து இறக்கிய நாள் நம் பட்டறைக்குத் திருவிழா. நான்தான் சூடம் காட்டினேன்.

கூடவே ஒரு மெக்கானிக் வந்தான். ஓட்டச் சொல்லிக்கொடுக்க அவனுக்கு ஒரு பகல்தான் இருந்தது. அவன் உருளையில் உப்புத்தாளைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்ததும் நான் குறுக்கே புகுந்தேன்.

"தம்பி, இதெல்லாம் எனக்குப் புதுசு இல்ல. பெரும்பாவூர் பக்கம் மூணு வருசம் பிளைவுட் மில்லுல இருந்தேன். இதைவிட நாலு மடங்கு மெஷினு. உள்ள ஆளே படுத்துத் தூங்கலாம்."

"அப்படியா சார். அப்ப ஒங்களுக்குச் சொல்லவே வேண்டாம்."

"சொல்ல வேண்டாம்ப்பா. வா, விருதுநகருக்கு வந்துட்டு எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடாம போறது பாவம்."

அழைத்துக்கொண்டு போய்விட்டேன். அவன் சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரத்தில் பாதி பரோட்டாக் கடையில் என் மில் கதையைக் கேட்பதில் கழிந்தது. மிச்சப் பாதியில் அவன் திரும்பி வந்து சொன்னதை நீயும், பாலிஷ் போடுகிற பேச்சியம்மாளும் பக்கத்தில் நின்று கேட்டீர்கள். நான் லாரிக்காரனோடு வெளியே பேசிக்கொண்டிருந்தேன். பெரும்பாவூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது கணேசா. இதை உன்னிடம் முதல் தடவையாகச் சொல்கிறேன். ஆனால் உனக்கு அன்றே தெரிந்திருக்கும். நான் உன்னை விட்டுவிட்டு மூன்று வருடம் எங்கும் போனதில்லை என்று கணக்குப் பார்க்கத் தெரியாத பிள்ளையா நீ.

அப்போது நான் வெடி ஆலை வேலையை விட்டு நின்று இரண்டு மாதம். முப்பது வருடம் வெடிமருந்து அறையில் இருந்தவனை முழங்கால் வலி வீட்டில் உட்கார வைத்துவிட்டது. "அந்த மெஷினை நான் பாத்துக்கிறேன்லே" என்றேன். நீ ஒரு நொடி யோசித்தாய். பிறகு, "ஒங்களைவிட்டா வேற யாரு சித்தப்பா" என்றாய். அந்த ஒரு நொடியை நான் அன்று கவனிக்கவில்லை. இப்போது அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டு மாதம் ஓட்டினேன். கதவு, சன்னல், பூசை அலமாரி, வெடி ஆலைகளுக்குப் போகிற மரத்தட்டு என்று எல்லாம் என் கையால்தான் போனது. சாயங்காலம் நீ வந்து அடுக்கைப் பார்ப்பாய், மேல் பலகையை உள்ளங்கையால் தடவுவாய், "சூப்பர் சித்தப்பா, கண்ணாடி மாதிரி இருக்கு" என்பாய். நான் வீட்டுக்குப் போவேன். வழியில் டீக்கடையில் சொல்வேன், வீட்டில் சொல்வேன், செல்போனில் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்புவேன். ஆமத்தூரிலிருந்து சாத்தூர் வரைக்கும் என்னைப் போல டிரம் சாண்டர் ஓட்ட ஆள் கிடையாது என்று உன் பெண்வீட்டுக்காரர்களிடம் நிச்சயதார்த்தத்தன்றே சொன்னேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினாய்.

எப்போதாவது நேற்று நான் தேய்த்து வைத்த பலகையில் பென்சில் கோடு தெரியும். குறுக்கும் நெடுக்குமாக, குழந்தை கிறுக்கின மாதிரி, ஓரத்தில் மட்டும் அழியாமல் மிச்சம் இருக்கும். என்னலே இது என்று ஒரு தடவை கேட்டேன். "அளவு போட்டது சித்தப்பா" என்றாய். முகம் மாறாமல் சொன்னாய். நீ இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்வாய் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. என்னுடைய பொய்யில் ஒரு வெள்ளமோ யானையோ இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். உன்னுடையதில் ஒன்றும் இல்லை. வெறும் மூன்று வார்த்தை.

என் பலகைகளில் என்ன கோளாறு என்பதையும் இப்போது நானே சொல்லிவிடுகிறேன். மருந்து அறையில் வேலை பார்த்தவனுக்கு முதல் பாடம் மூக்குதான். காலில் செருப்பு இல்லாமல், உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் உள்ள செம்புத் தகட்டை மிதித்துவிட்டு உள்ளே போவோம். இரும்புச் சாமான் எதுவும் பக்கத்தில் வராது. கருகல் வாசனை மூக்கில் பட்டால் கையில் என்ன இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, எந்த வாசல் பக்கத்தில் இருக்கிறதோ அதன் வழியாக வெளியே போய்விட வேண்டும். யோசிக்கக் கூடாது. யோசித்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும், அவர்கள் இப்போது இல்லை. முப்பது வருடம் அப்படியே பழகிய உடம்பு இது. டிரம் சாண்டரில் பலகை போகும்போது உப்புத்தாளில் மரப்பிசின் அடைத்தால், அல்லது உருளையைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கியிருந்தால், மரம் லேசாகக் கருகி வாசனை வரும். அது அங்கே சாதாரணம். எனக்கு வாசனை வந்த நொடியில் கை போய் பெல்ட்டை நிறுத்திவிடும், கால் இரண்டடி பின்னால் போய்விடும். பெல்ட் நின்றுவிடும், ஆனால் மேலே உருளை சுற்றிக்கொண்டேதான் இருக்கும். நின்ற இடத்திலேயே அது பலகையைத் தின்னும். பலகையின் குறுக்கே ஒரு பள்ளம் விழும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலுக்குத் தெரியும். பாலிஷ் போட்டால் ஊருக்கே தெரியும்.

எனக்குப் பள்ளம் தெரிந்தது. தெரியவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். முதல் வாரமே விரலால் தடவிப் பார்த்தேன். ஆனால் நீ கண்ணாடி மாதிரி இருக்கிறது என்கிறாய், வாங்கினவர்கள் யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை, அப்படியென்றால் இந்தப் பள்ளம் பெரிய விஷயம் இல்லை போலிருக்கிறது என்று என் மனதை நான் சமாதானம் செய்துகொண்டேன். திருப்பிக் கொண்டுவராததற்குக் காரணம் வேறு என்று எனக்கு எப்படித் தெரியும்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் திருத்த வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பாயே, ஆலையில் புகை வந்தபோது சித்தப்பா ஏழு பேரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்த கதை. வருடத்துக்கு ஒருவரைக் கூட்டிக் கூட்டித்தான் அது ஏழானது. உண்மையில் நடந்தது இவ்வளவுதான். வாசனை வந்தது, முதல் ஆளாக நான் ஓடினேன். பக்கத்தில் இருந்தவனிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. முள்வேலி வரைக்கும் ஓடிப்போய்த் திரும்பிப் பார்த்தால், மற்றவர்கள் எல்லாம் என் பின்னால் வந்து நின்று சிரிக்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் எவனோ பழைய டயரைக் கொளுத்தியிருந்தான். அன்று என் வேட்டி ஏன் கிழிந்திருந்தது என்று உன் சித்தி கேட்டதற்குத்தான் முதல் ஆளைத் தூக்கினேன். பயந்தாங்கொள்ளி என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வந்ததே இல்லை கணேசா. அந்த மெஷின் முன்னால் நின்ற எட்டு மாதமும் எனக்குப் பயமாக இருந்தது. தினமும் காலையில் சுவிட்சைப் போடுவதற்கு முன் வாசல் எந்தப் பக்கம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

போன வாரம் நடந்தது உனக்குத் தெரியாது. அல்லது தெரிந்ததாக நீ காட்டிக்கொள்ளவில்லை. உன் கல்யாணத்துக்கு மணைப்பலகை இரண்டு, மாப்பிள்ளைக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, வாகை மரத்தில் நீயே ஒட்டி இணைத்து என்னிடம் தந்தாய். "இதை ஒங்க கையாலதான் தேய்க்கணும் சித்தப்பா" என்று சொல்லித் தந்தாய். அன்று நான் சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு பலகையையும் அப்படிப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். உன்னுடையதில் ஒரு தடவை, பெண்ணுடையதில் இரண்டு தடவை வாசனை வந்தது. வந்த இடத்தில் நின்றது. மறுநாள் காலை ஆனைக்குட்டத்துக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்பினேன். பஸ் ஏறின பிறகுதான் பத்திரிகைக் கட்டை மெஷினுக்குப் பக்கத்துப் பலகையிலேயே வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே திரும்பினேன்.

வாசலில் வரும்போதே மெஷின் ஓடுகிற சத்தம். உள்ளே பேச்சியம்மாள் பலகையை நுழைக்கிறாள், நீ அந்தப் பக்கம் நின்று வாங்குகிறாய். மணைப்பலகை. மேலே முழுக்கப் பென்சில் கோடு. நீ வாங்கி, விரலால் தடவிப் பார்த்து, "இங்கன இன்னும் இருக்கு, இன்னொரு தடவை விடுங்கக்கா" என்று சொன்னாய். அவள், "கல்யாணப் பலகையாச்சும் அவுக தேய்ச்சபடி இருக்கட்டுமே தம்பி" என்றாள். நீ, "போட்டோல தெரியும்க்கா" என்றாய். பாலிஷ் போடுகிற மற்ற இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அதில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. புதிதாக நடக்கிற காரியமாக இருந்தால் வேடிக்கை பார்த்திருப்பார்கள்.

நான் உள்ளே வரவில்லை. பத்திரிகைக் கட்டை எடுக்காமலே திரும்பிப் போனேன். நீ அன்று மதியம் போன் செய்து, "பத்திரிகையை விட்டுட்டுப் போயிட்டீகளே சித்தப்பா, கொண்டாந்து தரவா" என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

மறுநாள் உன் சித்தியோடு வெம்பக்கோட்டைக்குப் போனேன். அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் காப்பியைக் கொடுத்துவிட்டு, "மாப்பிள்ளை பொண்ணு ஒக்கார மணையே ஒங்க கையாலதான் செஞ்சீகளாமே அத்தான், போட்டோ அனுப்பியிருந்தீகளே" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். அறுபது வயதில் முதல் தடவையாக எனக்குச் சொல்ல ஒரு கதை கிடைக்கவில்லை. உன் சித்திதான் குறுக்கே வந்து, வெயில் அதிகம், அவருக்குத் தலைவலி என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். பார்த்ததைப் பார்த்தபடி, ஒன்றும் கூட்டாமல் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒனக்குத் தெரியுமா" என்று கேட்டேன்.

"தெரியும்."

"எம்புட்டு நாளா."

"கார்த்திகையில இருந்து. நான்தான் சொல்லாதடான்னேன். நீங்க தினமும் சட்டை முழுக்க மரத்தூளோட சிரிச்சுக்கிட்டு வர்றீக. அதைக் கெடுக்கச் சொல்றீகளா."

சிரித்துக்கொண்டு வந்தது நிஜம்தான். ஆனால் கணேசா, ஒருவன் எட்டு மாதம் உழைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறான், அவன் போனதும் அவன் உழைப்பை எல்லோரும் சேர்ந்து துடைத்து எடுத்துவிட்டு வேறு வேலையை அந்த இடத்தில் வைக்கிறார்கள், மறுநாள் அவன் வந்து அதைத் தன்னுடையது என்று நினைத்துத் தட்டிக்கொடுக்கிறான். அவனைச் சுற்றி நிற்கிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதுவும் சிரிப்புதான். யாருடைய சிரிப்பு என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நேற்று நீ பெண்வீட்டாரோடு ஜவுளி எடுக்கப் போயிருந்தாய். காலையில் நான் பட்டறைக்கு வந்தேன். பேச்சியம்மாள் மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கிலேயே, போன வாரம் நான் வாசலில் வந்து நின்றது அவளுக்குத் தெரியும் என்று புரிந்துவிட்டது.

"அந்த மெஷினை எனக்குக் கத்துக்குடு தாயி" என்றேன்.

"நானா. பெரும்பாவூர்ல மூணு வருசம் இருந்தவுகளுக்கா."

"அந்த ஊரு கிழக்கயா மேற்கயான்னே எனக்குத் தெரியாது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு ஒரு வேண்டாத பலகையை எடுத்து, மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பென்சிலால் கோடு போட்டாள். "இது எதுக்குன்னா, கோடு எங்கன அழியலையோ அங்கன பள்ளம். அம்புட்டுதான் இதுல சூட்சுமம்." அளவு போட்டதாம். மூக்குக் கண்ணாடி இல்லாமலே எனக்கு நேற்றுப் புரிந்தது. உருளையை ஏற்றி இறக்குகிற கைச்சக்கரத்தைக் கால் சுற்றுக்குமேல் திருப்பக் கூடாது, பேராசைப்பட்டு ஒரே தடவையில் தேய்க்கப் பார்க்கக் கூடாது, உப்புத்தாள் பிசின் அடைத்தால் பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தை உருளை மேல் பிடித்தால் சுத்தமாகிவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பரோட்டா சாப்பிடப் போகாமல் இருந்திருந்தால் இதையெல்லாம் அன்றே கேட்டிருப்பேன்.

பலகையை விட்டேன். பாதி போனதும் வாசனை வந்தது. கை பெல்ட்டை நிறுத்துகிற சுவிட்சுக்குப் போய்விட்டது, கால் வாசலுக்குத் திரும்பிவிட்டது. அவள் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்கன போறீக. நில்லுங்கண்ணே. கையை எடுங்க அதுல இருந்து. அது மரம், மருந்து இல்ல."

நின்றேன். உடம்பு முழுக்க ஓடுகிறது, கால் மட்டும் நிற்கிறது. அவள் கையை நீட்டிச் சக்கரத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றினாள். பலகை அதன்பாட்டுக்குப் போய் அந்தப் பக்கம் வந்தது. "வாசம் வந்தா பெல்ட்டை நிறுத்தாதீக, உருளையை ஏத்துங்க. போறதைப் போக விடுங்க" என்றாள். அப்புறம் சொன்னாள், "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. தீப்பெட்டி ஆபீசுல பன்னெண்டு வருசம் இருந்தவ நான். மொத நாளு ரோடு வரைக்கும் ஓடிட்டேன். தம்பி வந்து கூட்டியாந்துச்சு."

"அவன் ஒன்னைத் திட்டினானா."

"திட்டாம. 'இப்படி ஓடுனா மரத்துக்கு யாருக்கா பதில் சொல்றது'ன்னு நல்லா திட்டுச்சு. அப்புறம் பக்கத்துலயே நின்னு கத்துக்குடுத்துச்சு."

என் பலகையைத் தடவிப் பார்த்தாள். "நல்லா இல்ல" என்றாள். நான் அந்த மெஷினுக்கு முன்னால் நின்ற இத்தனை நாளில் ஒருவர் எனக்குச் சொன்ன முதல் உண்மை அது. கேட்டதும் பசித்தவனுக்குச் சோறு போட்ட மாதிரி இருந்தது. மறுபடி விட்டேன், "இன்னும் பள்ளம் இருக்கு" என்றாள். ஆறு பலகை விட்டேன். ஆறாவதுக்கு, "பரவால்ல" என்றாள். எட்டு மாதம் நீ சொன்ன கண்ணாடி மாதிரியை எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு பரவாயில்லைக்கு ஈடாகாது.

கிளம்பும்போது கேட்டேன், என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை என்று. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நான் கேட்டேண்ணே. 'அவுககிட்ட எப்படிக்கா சொல்றது, எனக்குச் சோறு போட்டு வளத்தவுக, அவுக மனசு நோகக் கூடாது'ன்னுச்சு தம்பி."

அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை கணேசா. பலகையை மறுபடி தேய்த்ததை ஒரு நாள் மறந்துவிடுவேன். பட்டறையே சேர்ந்து என்னை ஏமாற்றியதையும் ஒரு நல்ல கதையாக்கி டீக்கடையில் சொல்லிவிடுவேன், அந்தத் திறமை எனக்கு உண்டு. சோறு போட்டவர் என்றாயே, அதை என்ன செய்வது. வேலைக்கு வருகிற பேச்சியம்மாளைத் திட்ட உனக்கு உரிமை இருந்தது. என்னைத் திட்ட இல்லையா. சொந்த அப்பன் நின்று பலகையைப் பாழாக்கியிருந்தால், "ஒங்களுக்கு என்ன கண்ணு தெரியலையா" என்று நீ கத்தியிருப்பாய். அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் ஒன்றாகச் சாப்பிட்டிருப்பீர்கள். சித்தப்பன் என்பதால்தான் இத்தனை மரியாதையாக ஏமாற்றினாய். நீ ஆறாவது படிக்கையில் ஓவியப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கி வந்தாய். நான் தெரு முழுக்க முதல் பரிசு என்று சொன்னேன். கையில் மூன்று என்று எழுதின சான்றிதழை வைத்துக்கொண்டு நீ என் பக்கத்தில் பேசாமல் நின்றாய். வேறு பிள்ளையாக இருந்தால், "இல்ல, மூணாவதுதான்" என்று சொல்லியிருக்கும். அடக்கமான பிள்ளை என்று நான் பெருமைப்பட்டேன். அன்று பிடித்து உலுக்கி, ஏன் என்னைத் திருத்தவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். அது என் தப்பு. இந்த வீட்டில் வாயைத் திறந்தால் எங்கே அனுப்பிவிடுவார்களோ என்று ஒரு பிள்ளை பயந்து நிற்பது எனக்குத் தெரியாமல் போனது. நான் எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி என்று உனக்குத் தெரியாமல் போன மாதிரி.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்குப் புத்தி சொல்லும் வழக்கம் உண்டு. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தப் பெண் வைத்த குழம்பில் உப்புக் கூடினால், அவள் அந்தப் பக்கம் போனதும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைத்துவிட்டு, அருமை என்று சாப்பிடாதே. உப்பு என்று சொல்லு. அவள் கோபப்படுவாள். படட்டும். நீ சொல்லாமல் சொல்லாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் அவள் வந்து பார்க்கும்போது அது யார் வைத்த குழம்பு என்று அவளுக்கே தெரியாது. அவள் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வதாக நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அவள் அந்த வீட்டில் இல்லாமலே இருந்திருப்பாள்.

திங்கட்கிழமை வேலைக்கு வருவேன். அந்த மெஷினில் என்னை நிறுத்தினாலும் சரி, பாலிஷ் போடச் சொன்னாலும் சரி, வீட்டில் இரு என்றாலும் சரி. முதலாளி நீ. எதைச் சொன்னாலும் பேச்சியம்மாளும் மற்றவர்களும் நிற்கும்போதே, என் முகத்தைப் பார்த்து, குரலைக் குறைக்காமல் சொல்லு. எட்டு மாதத்துக்கும் சேர்த்துத் திட்டு. நானும் விடமாட்டேன், பதிலுக்குத் திட்டுவேன், என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

அப்படிச் செய்ய முடியாது, மரியாதை தடுக்கிறது என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடு. கல்யாண வீட்டில் மரியாதைப்பட்டவர்களை முதல் பந்தியில் உட்கார வைப்பார்கள். வீட்டு ஆட்களோ, வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, சாம்பார் தீர்ந்து ரசம் மட்டும் இருக்கிற கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, பரிமாறினவனைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவார்கள். பத்திரிகையில் பெயர் போட்டுவிட்டாய், மேடையில் எங்கே நிற்க வேண்டும் என்று ஐயர் சொல்லிவிடுவார். நான் எந்தப் பந்தி என்பதை மட்டும் நீதான் சொல்ல வேண்டும்.